எங்கே என்று கேட்கக் கூடாதவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்தது, வோட்டர் லிஸ்டில் இருந்தது, கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடித்திருப்பார்கள். தெருவில் மட்டும் அது புழக்கத்தில் இல்லை. பெயர் எதற்கு? ஒருவரைக் கூப்பிடத்தானே. அவரைத்தான் யாரும் கூப்பிட முடியாதே. நடந்துபோகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அபசகுனம். முன்னால் போய் நின்றாலோ, "இன்னா, எங்க கிளம்பிட்ட?" என்று எங்கள் பக்கத்து வாய் தானாகக் கேட்டுவிடும். அது அதைவிடப் பெரிய அபசகுனம். அதனால் அவர் வந்தால் ஊர் சிரித்தது, தலையை ஆட்டியது, வாயை மூடிக்கொண்டது.

எனக்கு அவர் மாமா. எதிர்வீடு. சொந்தமில்லை, எதிர்வீடு என்பதே பாதி சொந்தம். அவர் மனைவி அத்தை.

வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும், திரும்ப வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள சங்கதிதான். நம் வீட்டில் அம்மா முணுமுணுப்பாள், நாம் "சும்மா இரும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவோம். மாமா போகமாட்டார். திரும்புவார். தெருக்கோடியில் கேட்டாலும் திரும்புவார். ஏரிக்கரையில் கேட்டாலும் திரும்புவார். உத்திரமேரூர் கடைத்தெருவில் நின்று, வாங்க வேண்டிய உர மூட்டைக்கு எதிரிலேயே ஒரு தெரியாத ஆள் கேட்டபோதும் ஊருக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்தவர்.

அதற்கென்றே அவர் வீட்டு வாசற்படிக்கு உள்பக்கம், சுவர் மாடத்தில், அத்தை ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருப்பாள். நிறையத் தண்ணீர், மேலே ஒரு தட்டு. மாமா உள்ளே வருவார், உட்காருவார், குடிப்பார், எழுந்து போவார். அத்தை தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் நம்பறீங்களே மாமா" என்று ஒருநாள் கேட்டேன். நான் அப்போது காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். யாரைப் பார்த்தாலும் இந்தக் காலம் என்று ஆரம்பிக்கிற வயது.

"நம்பறேன்னு எப்ப சொன்னேன்? மதிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்டி ஒண்ணாவும்? எம் மாமியாரை நான் நம்பறனா? மதிக்கிறேன் இல்ல?"

உள்ளேயிருந்து அத்தை முறத்தைத் தட்டும் சத்தம் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

எல்லாச் சகுனமும் அவருக்குச் சகுனமில்லை. பூனை போனால் "அதுக்கும் வேலை இருக்கும்" என்று நடப்பார். தாலியறுத்தவர்கள் எதிரே வரக் கூடாது என்று ஊரே சொல்லும். அவருடைய அம்மா அதைக் கேட்டுக் கேட்டே, யாராவது கிளம்புகிற நேரத்தில் தோட்டத்துப் பக்கம் போய் மறைந்துகொள்கிறவள். அந்த அம்மாவைக் கையைப் பிடித்துத் தெருவாசலுக்கு இட்டுக்கொண்டு வந்து நிறுத்தி, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாமா கிளம்புவார். "மனுசங்க எப்டிடா கெட்ட சகுனம் ஆவாங்க? அவங்க கேக்கற கேள்விதான் கெட்டது" என்பார். இந்த ஒரு விஷயத்தில் என்னுடைய இந்தக் காலத்தைவிட அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

தான் யாரையும் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. தோளில் மண்வெட்டியோடு கழனிக்குப் போகிறவனைப் பார்த்தாலும், "எங்கருந்து வர?" என்றுதான் கேட்பார். எமன் எருமையில் எதிரே வந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார். எமனும் ஊரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

பஸ்தான் பேஜார். கண்டக்டரின் வேலையே எங்கே என்று கேட்பதுதானே. மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பஸ் இன்னும் நிற்காதபோதே, "உத்திரமேரூர் ஒண்ணு, உத்திரமேரூர் ஒண்ணு" என்று கத்திக்கொண்டே படியில் தொற்றுவார். கண்டக்டருக்கு வாயைத் திறக்க இடம் கொடுக்க மாட்டார். பழைய கண்டக்டருக்கு இது பழக்கம். கிழித்து வைத்த டிக்கெட்டை நீட்டிக்கொண்டே வருவார். ஒருமுறை புது ஆள் வந்தார். மாமா "உத்திரமேரூர் ஒண்ணு" என்று கத்தியது இன்ஜின் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

"எங்கய்யா போவணும்?" என்றார் புதியவர்.

விசிலை மாமாவே அடித்தார். பஸ் நின்றது. இறங்கினார். ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாய்யா கேட்டேன் நானு?" என்று அந்தக் கண்டக்டர் உத்திரமேரூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாராம்.

இங்கேதான் விஷயம். ஓட ஆரம்பித்தார் என்றேன். திரும்பத் திரும்பக் கிளம்புகிற மனிதனுக்கு எப்போதும் நேரம் போய்விட்டிருக்கும். நேரம் போனவன் ஓடத்தான் வேண்டும். கழனிக்கு ஓடினார், சொசைட்டிக்கு ஓடினார், எழவுக்கும் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, வெறுங்காலோடு, முள்ளும் கல்லும் பார்க்காமல் இருபது வருஷம் ஓடினார். எவனும் சொல்லிக்கொடுக்காமல், எந்தப் பள்ளிக்கூட மைதானத்தையும் பார்க்காமல், எங்கள் வட்டாரத்திலேயே வேகமான காலை அந்தக் கேள்வி வளர்த்துவிட்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தை மாதம் எங்கள் செய்யாற்றில் ஆற்றுத் திருவிழா நடக்கும். இந்தப் பக்கத்து ஊர், அந்தப் பக்கத்து ஊர் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து இறங்கும். மணல் தெரியாத அளவுக்கு ஜனம். கரும்பு, பொரி, வளையல், ராட்டினம். அந்த வருஷம் நான் எங்கள் வாலிபர் மன்றத்துக்குச் செயலாளர். வெறுமனே பொரி தின்றுவிட்டு வருவதா என்று மனசு குதித்தது. பத்திரிகையில் படித்துவிட்டு, ஆற்றோரமாக ஒரு மாரத்தான் நடத்தலாம் என்று தீர்மானம் போட்டேன்.

என் நைனாவுக்கு அது புரியவில்லை. "ஓடறதுக்குப் போட்டியா? மாடு அவுத்துக்கினா நாம ஓடறோம். நாயி தொரத்துனா ஓடறோம். ஒண்ணுமே இல்லாம எவன்டா ஓடுவான்?"

"பரிசு கீது நைனா. பித்தளை அண்டா."

"அண்டாவுக்காவா? அப்ப அண்டாவைத் தூக்கிக்கினு ஒருத்தன் ஓடட்டும். மத்தவன் தொரத்தட்டும். அது நாயம்."

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஆத்துத் திருநாள் கூட்டத்துல ஓடவா? ஒவ்வொருத்தனும் எங்கன்னு கேப்பான். நான் ஓடி முடிக்கறதுக்குள்ள அடுத்த தை பொறந்துடும்" என்றார். சரிதான். நான் வேறு ஆளைத் தேடப் போய்விட்டேன்.

அவரை ஓட வைத்தது நானில்லை. ஏழுமலை.

ஏழுமலை அத்தையின் ஒரே தம்பி. அக்கரைக்காரன். சடுகுடு ஆடி உரமேறிய உடம்பு, நாக்கு அதைவிட உரம். அந்தக் கார்த்திகையில் அவனுக்கு நிச்சயதார்த்தம். ஆற்றைக் கடந்தால் அத்தையின் தாய்வீடு. காலையிலேயே மாமாவும் அத்தையும் கிளம்பினார்கள். தெருமுனையில் ஒரு ஜவுளி மூட்டைக்காரன் கேட்டான். திரும்பினார்கள். ஆற்று மணலில் ஒரு ஆடு மேய்க்கிறவர் கேட்டார். திரும்பினார்கள். கடைசியில், இவர்களைக் காணோமே என்று அக்கரையிலிருந்தே ஓர் ஆளை அனுப்பினார்கள். அந்த ஆள் நடு ஆற்றில் எதிரே வந்து, "எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டான்.

"அவன் போனதைக் கேட்டான்யா, போறதைக் கேக்கல. வாய்யா" என்று அத்தை நடு ஆற்றில் நின்று கெஞ்சினாளாம். மாமா யோசித்துப் பார்த்தாராம். யோசித்துவிட்டுத் திரும்பினாராம்.

போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி, பந்தி முடிந்து, இலையை மடித்துப் போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் முன்னிலையிலேயே ஏழுமலை சொன்னான்: "நேரத்துக்கு வர்ற புருஷனோட வந்தா வாக்கா. இல்லன்னா உங்க கரையிலயே இரு. மாசியில கல்யாணம். மூணாவது முடிச்சு சித்தப்பா மவ போடட்டும்."

தாலியின் மூன்றாவது முடிச்சு நாத்தனார் முடிச்சு. மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. கூடப்பிறந்தவள் கல்லுமாதிரி இருக்கும்போது சித்தப்பா மகள் போடுவது என்றால், ஊர் அதைப் பேசிப் பேசித் தேய்க்கும். அதையும்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அத்தை. அன்றிலிருந்து அவள் ஆற்றைத் தாண்டவில்லை. தோட்டத்தில் துணி உலர்த்தும்போது அக்கரையில் தெரிகிற தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதன் நடுவில்தான் தாய்வீடு. துணி உலர்ந்த பிறகும் நிற்பாள்.

பொங்கலுக்கு மறுநாள் ஏழுமலை எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்திருந்தான். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க. மாமாவும் அங்கே இருந்தார். கடையில் எல்லாரும் கண்ணாடிக் கிளாசுக்குள் பார்த்தார்கள்.

"இன்னா மாமா, நீயும் ஓடறியா?" என்றான் ஏழுமலை. "வேணாம். பாதியில வூட்டுக்குப் போயி தண்ணி குடிக்கணுமே. பந்தயத்துல அதுக்கு ரூல்ஸ் கீதான்னு காலேஜைக் கேளு" என்று என்னைக் காட்டினான்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு, "ஓடினா இன்னா தருவ?" என்றார்.

"நீ ஜெயிக்கவே வேணாம். நடுவுல திரும்பாம எங்க ஊரு படித்துறைக்கு வந்து சேரு. நானே தாம்பாளம் எடுத்துக்கினு உன் வூட்டு வாசலுக்கு வந்து எங்கக்காவைக் கூப்புடறேன். முடிச்சு அதுதான் போடும்."

"திரும்பினா?"

"சித்தப்பா மவ."

மாமா கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரு எழுதிக்க" என்றார். எழுதும்போதுதான் அவர் பெயரை நான் முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை எதிர்வீட்டு மாடத்தில் சொம்பு இல்லை. அத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். "இந்தப் பந்தயம் முடியற வரைக்கும் இந்த வூட்ல திரும்பி வந்து தண்ணி குடிக்கற வேலை கெடையாது" என்றாள். மாமா பந்தய நாள் வரைக்கும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அது பாதுகாப்பு.

நான் சும்மா இருப்பேனா? மன்றத்துப் பையன்களையெல்லாம் கூட்டி, ஆற்றோரம் நெடுக நிறுத்தி, வருகிற ஜனத்தின் வாயைக் காவல்காக்கச் சொன்னேன். மாமாவின் காதில் பஞ்சு அடைக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

"காதுல விழலன்னா? கேட்ட வாய் கேட்டதுதானே" என்றார் அவர். மதிப்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

ஒலிபெருக்கியையும் விடவில்லை. புங்க மரத்தில் குழாய் கட்டி, நானே மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. ஓட்டப் பந்தயத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் ஓடுகிறார்கள்."

மைக்குக்குக் கீழே நின்ற பலூன்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எங்கதான் போறாங்க?" என்றார்.

புங்க மரத்தடியிலிருந்து கிளம்பி, எங்கள் கரையோரமாகவே ஓடி, ஆற்றில் இறங்கிக் கடந்து, எதிர்க்கரையில் ஏழுமலை ஊர்ப் படித்துறையில் முடிக்க வேண்டும். இதுதான் வழி. வழக்கமாகக் கடக்கிற இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியதால், அன்று காலைதான் இறங்கும் இடத்தை நான் கொஞ்சம் மேலே மாற்றி, அங்கே ஒரு கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் காலையில் மாற்றிய வழி, சாயங்காலம் இன்னும் மாறலாம் என்று எல்லார் மனசிலும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. என்னைப் பற்றி ஊருக்குத் தெரியும்.

விசில் ஊதினேன். கூட்டம் பாய்ந்தது. டவுசர், லுங்கி, ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். ரேஷன் கடையில் எடை போடும் கோதண்டம், பெயர் கொடுத்தவர்கள் எண்ணிக்கை குறையக் கூடாது என்று நான் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்த ஆள், ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைமேல் கூடவே மிதித்தேன்.

மாமா ஓடுவதை அன்றுதான் ஊர் முழுசாகப் பார்த்தது. அதுவரை அவர் ஓடினால், பாவம் திரும்பக் கிளம்பியிருக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். அன்று அவர் பாட்டுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, மணல் பறக்க, எல்லாருக்கும் முன்னால், ஏழுமலைக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஏழுமலையின் சடுகுடு மூச்சு எனக்குச் சைக்கிளில் கேட்டது. என் பையன்களும் சாமர்த்தியம். கரும்புக் கடையில் ஒரு கிழவர் வாயைத் திறந்ததும் ஒருவன் அதில் ஒரு பிடி பொரியைப் போட்டுவிட்டான். வளையல்காரம்மா "எங்க…" என்று ஆரம்பித்ததை இன்னொருவன் "எங்கம்மாவுக்கு ஒரு டஜன் குடுங்க" என்று மடக்கினான். சிவப்புத் துணி தெரிந்தது. அங்கே இறங்கிவிட்டால் ஆறு. ஆற்றுக்கு அப்பால் படித்துறை.

சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது.

அதில் எங்கள் சிறப்பு விருந்தினர். பரிசு கொடுக்க நானே போய் அழைத்துவிட்டு வந்த அதிகாரி. நல்ல மனிதர். ஆற்றோரம் அத்தனை பேரின் வாய்க்கும் காவல் வைத்த நான், அவருடைய வாயை மறந்துவிட்டேன். அவரிடம்போய் யார் சொல்வது? பந்தயத்தைப் பார்க்கத்தானே அவர் வருகிறார். அவர் ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, முதலில் ஓடிவந்த மாமாவைப் பார்த்து மலர்ந்து சிரித்து, கையை ஆட்டி, "என்னப்பா, எங்கே ஓடறீங்க எல்லாரும்?" என்றார்.

மாமா நின்றார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "மாமா, அவர் அதிகாரி. அவர் கேட்டா கணக்குல இல்ல. எறங்குங்க மாமா. ஆறு தோ கீது."

அவர் அக்கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேர்வை மூக்கில் சொட்டியது. "வேற காரியமா இருந்தா எறங்கிடுவேன்டா. இது அவ முடிச்சு. கெட்டுப்போன சகுனத்தோட போயா அதை வாங்கிக்கினு வர்றது?" என்றார்.

திரும்பினார். ஓட ஆரம்பித்தார். வந்ததைவிட வேகமாக.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் தடுத்திருக்க முடியாது. பின்னால் வந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜீப்பிலிருந்து அதிகாரி கை காட்டுகிறார். மன்றத்துச் செயலாளர் ஓடிவந்து ஏதோ சொல்கிறார். உடனே முதல் ஆள் திரும்பி ஓடுகிறார். அதுவும் செயலாளர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாதா?

"வழியை மாத்திட்டான்டா காலேஜு" என்று ஒருவன் கத்தினான்.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. டவுசர், லுங்கி, சுருட்டிய பேண்ட், எல்லாம். ஏழுமலையும் திரும்பினான். மாமாவை விட்டுவிடக் கூடாதே என்கிற வெறியில் வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. மந்தையாக, புழுதி கிளப்பிக்கொண்டு, கிளம்பிய இடத்தைப் பார்த்தே ஓடினார்கள். "அது இல்லய்யா, அது இல்லய்யா" என்று நான் சைக்கிளைத் தூக்கி மிதித்துக்கொண்டு பின்னால் போனேன். வளையல்காரம்மா, இந்த முறை யாரும் தடுக்காமல், நிதானமாகக் கேட்டாள்: "எங்கதான்யா போறீங்க?"

புங்க மரத்தடியில் அத்தை நின்றிருந்தாள். கிளம்பிய இடம் அதுதானே, அன்றைக்கு அதுவே மாமாவுக்கு வீடு. மாமா மூச்சிரைக்க வந்து அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தார். அவள் முந்தானைக்கு அடியிலிருந்து சொம்பை எடுத்தாள். மாடத்திலிருந்து உள்ளே எடுத்து வைத்த அதே சொம்பு.

அவர் ஒரு வாய் குடித்தார்.

பின்னாலேயே கூட்டம் வந்து விழுந்தது. முதல் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதல் ஆள் தண்ணீர் குடிக்கிறார், அவர்களும் கேட்டார்கள். அத்தை வரிசையாகக் கொடுத்தாள். ஏழுமலை மல்லாந்து கிடந்தபடியே கையை நீட்டினான். அக்காளின் கையிலிருந்து சொம்பை வாங்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தான். கார்த்திகைக்குப் பிறகு அவன் அவள் கையால் வாங்கியது அதுதான்.

அவன் முழுங்கி முடிக்கும் வரைக்கும் அத்தை காத்திருந்தாள்.

"குடிச்சிட்டியா?"

"ம்."

"இப்ப சொல்லு. யாரு நடுவுல திரும்பினது?"

ஏழுமலை எழுந்து உட்கார்ந்தான். மரத்தைப் பார்த்தான். சுற்றி உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "டேய் காலேஜு, வழியை மாத்தினியா இல்லியா நீயி?"

"இல்லண்ணா."

"அப்ப இவரு எதுக்குத் திரும்பினாரு?"

"தண்ணி குடிக்க" என்றாள் அத்தை. "நீ எதுக்குடா திரும்பின?"

அவன் ஈர மீசையைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். ஏழுமலைக்கு வேறு வழியில்லை, அவனும் சிரித்தான்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியை உதறி மடித்துக் கட்டினார். "சிரிப்பு அப்பால. நான் இன்னும் போயி சேரல" என்று மறுபடி ஓடத் தொடங்கினார். மற்றவர்களும் எழுந்து ஓடினார்கள். ஏழுமலையும். அவர்கள் படித்துறையில் போய் ஏறியபோது பித்தளை அண்டா அங்கே இல்லை. கரும்பைக் கடித்துக்கொண்டு நடந்ததில் எதையுமே கவனிக்காமல், கூட்டம் திரும்பியதையும் பார்க்காமல், சிவப்புத் துணியில் நான் சொன்னபடி ஒழுங்காக இறங்கி ஆற்றைக் கடந்த ஒரே ஆள் கோதண்டம்தான். சிறப்பு விருந்தினர் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கு மாலை போட்டு, அண்டாவைக் கொடுத்து, மன உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோதண்டம் அண்டாவைத் தட்டிப் பார்த்து, கையால் தூக்கி எடை சொன்னார்.

பந்தயத்தின் முடிவு அது. முடிச்சின் முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை.

அன்று காலையிலிருந்தே மாமா வாசலில் நின்றிருந்தார். தாம்பாளத்தோடு வருகிறேன் என்று ஏழுமலை ஆளிடம் சொல்லிவிட்டிருந்தான். மாமாவுக்குச் சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. உள்ளே அத்தை காபிக்குத் தண்ணீர் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். நான் எங்கள் வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். தெருவில் எல்லா வாசலிலும் அன்று யாராவது எதையாவது படித்துக்கொண்டிருந்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள்கூட.

தெருமுனையில் ஏழுமலை தெரிந்தான். புதுச் சட்டை. இரண்டு கையிலும் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், மேலே பத்திரிகை. கண்ணைத் தரையில் வைத்து, தட்டு ஆடாமல் நடந்து வந்தான். வெட்கம்தான்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகமெல்லாம் பல். இரண்டடி இறங்கி எதிரே போனார். வாழ்நாளெல்லாம் யாரையும் கேட்காத அந்த மனிதர், இரண்டு கையையும் விரித்து, தெரு முழுக்கக் கேட்கக் கேட்டார்:

"இன்னா மச்சான், எங்க கிளம்பிட்ட இவ்ளோ காலையில?"

தெருவில் பேப்பர் புரளும் சத்தம்கூட நின்றது.

ஏழுமலை தலையைத் தூக்கினான். தாம்பாளத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா நீ" என்றான் ஏழுமலை, அழுகிற குரலில். அவன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் கையில் இருந்தது அவனுடைய கல்யாணம். மெதுவாக, பழம் உருளாமல், திரும்பினான். ஆற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

தம்பியின் குரல் கேட்டு அத்தை ஓடி வந்தாள். பார்த்தால், வந்த தம்பி முதுகைக் காட்டிப் போகிறான்.

"டேய், எங்கடா போற?" என்று கத்தினாள்.

ஏழுமலை நின்றான். இப்போது வந்ததும் கெட்டுவிட்டது, திரும்பியதும் கெட்டுவிட்டது. முன்னாலும் வைக்க முடியாமல், பின்னாலும் வைக்க முடியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றான். அவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. தெருவில் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். இந்த விஷயத்தில் எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

மாமா வாயிலிருந்து கையை எடுத்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அங்கியே ஒக்காரு மச்சான். அக்கா வூட்டுத் தெருவும் உன் வூடுதான்."

ஏழுமலை புதுச் சட்டையோடு நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், மடியில் தாம்பாளம். அத்தை மாடத்திலிருந்து சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போது பார்த்து உத்திரமேரூர் டவுன் பஸ் தெருவுக்குள் வந்து, நடுவில் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கித் தலையை நீட்டினார். வாயைத் திறந்தார். தெரு மொத்தமும், ஒரே நேரத்தில், அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஏழுமலை குடித்து முடிக்கும் வரைக்கும் பஸ் நின்றது.